காரணம் என்ற கட்டம்

பாயான் லெப்பாஸில் மழை.
பாலத்தில் நெரிசலாம்,
பட்டர்வொர்த் பேருந்து இன்னும் வரவில்லை.
மேசைமேல் நேற்று வந்த எம்சிகள்
ஈரம் உலர்ந்து ஓரம் சுருண்டு கிடக்கின்றன.

என் வேலை இதுதான்,
நோய்களைத் தட்டெழுதுவது.
பெயர், அட்டை எண், எத்தனை நாள், காரணம்.
மூவாயிரம் பேர் உடம்பும்
ஒரு தடவையாவது என் விரல் வழியே போயிருக்கிறது.
ஸ்டோர் மிஸ்டர் ஊய்க்கு மூலம்.
எனக்குத் தெரியுமென்று அவருக்குத் தெரியாது.
கேண்டீனில் பார்த்தால் தலையசைப்பார்.
உட்காருங்கள் என்று மட்டும் நான் சொல்வதில்லை.

சட்டத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்
மலாயில், ஆங்கிலத்தில், நேப்பாளியில்.
இரண்டு வருடத்துக்குக் கீழே பதினான்கு நாள்,
ஐந்துக்குக் கீழே பதினெட்டு,
அதற்குமேல் இருபத்திரண்டு.
உடம்பு கெடுவதற்கும் சீனியாரிட்டி உண்டு.

பக்கத்திலேயே இன்னொரு தாள்:
மாதம் முழுக்க வந்தால் எண்பது வெள்ளி.
ஒரு நாள் எம்சி எடுத்தாலும் அது போச்சு.

அதனால் காய்ச்சலோடு வருகிறார்கள்.
மைலோவோடு இரண்டு பனடோலை விழுங்கி
முகக்கவசத்துக்குள்ளேயே இருமி
நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச்
சில்லுகளில் பிழை தேடுகிறார்கள்.
அந்தக் கண் சிவந்திருப்பது
பிழைப் பட்டியலில் இல்லை.

இப்போது என் கையில்
யோகேஸ்வரி த/பெ சன்னாசி. ஆறாவது லைன்.
ஒன்பது வருடம். வயது முப்பத்து நான்கு.
இந்த மாதத்தில் இது மூன்றாவது.
முதலில் தொண்டை வலி.
அடுத்தது கை, கால், வாய்ப்புண் நோய்.
இது காது.
மேலே ஒரு மஞ்சள் துண்டு,
என்சிக் ஸம்ரியின் கையெழுத்து:
விசாரிக்கவும்.

செவ்வாய்க்கிழமை அதே கிளினிக்கில் நானும் இருந்தேன்,
என் முதுகோடு.
டாக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை.
யாருக்கு, என்றார்.
எனக்குத்தான்.
எங்கே வலி?
மடியில் இருந்த பிள்ளையின்
வலது காதைப் பொத்திக்கொண்டு
இந்தக் காதுதான் டாக்டர், என்றாள்.
பேனா கொஞ்சம் நின்றது.
பிள்ளையின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு
தாயின் பெயரை எழுதினார்.
மருந்து கொடுத்த பெண்
அஞ்சு மில்லி, சாப்பாட்டுக்கு அப்புறம்,
நல்லாக் குலுக்கிக் குடுங்க, என்றாள்.

அடுத்து நான்.
எம்சி வேணுமா?
வேண்டாம், டைம் சிலிப் போதும், என்றேன்.
பதினோரு வருடமாக ஒரு நாளும் எடுத்ததில்லை.
ஆண்டு விருந்தில் கைதட்டி
ஒரு ரைஸ் குக்கர் கொடுத்தார்கள்.
எங்கள் வீட்டில் இப்போது மூன்று ரைஸ் குக்கர்.

திரையில் காரணம் என்ற கட்டத்தை அழுத்தினால்
நாற்பத்தொரு நோய்கள் இறங்கி வரும்.
பிள்ளை என்று ஒன்று அதில் இல்லை.
அதற்கு ஆண்டு விடுப்பு இருக்கிறது,
ஏழு நாள் முன்னதாக மனு போட வேண்டும்.
அடுத்த புதன் எனக்கு வலிக்கப் போகிறது என்று
மூன்று வயதுக் காது
இந்தப் புதனே சொல்லியாக வேண்டும்.

மஞ்சள் துண்டில் எழுதினேன்:
விசாரித்தாயிற்று.
காரணம், காது வலி. நாள், ஒன்று. சம்பளத்தோடு.
தட்டினேன்.
பக்கத்துக் கட்டத்தில் எண்பது
யாரும் தொடாமலே பூஜ்யமானது.
அந்தக் கட்டம் சாம்பல் நிறம்.
என் கடவுச்சொல் அங்கே செல்லாது.

பேருந்து வந்துவிட்டது.
தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு
ஓடி வருகிறார்கள்.
ஏழு ஐம்பத்தெட்டுக்கு
யோகேஸ்வரி அட்டையைத் தேய்க்கிறாள்.
கண்ணாடித் துளை வழியாகக் கேட்கிறேன்,
காது தேவலையா?

கை எழுகிறது.
அவள் காதுவரை போகவில்லை.
இடுப்புக்குக் கொஞ்சம் கீழே
ஒரு சின்னத் தலையின் உயரத்தில்
நின்று
காற்றைத் தடவுகிறது.